மாராத்தாள் கொடுத்த ஏழு காசுகள்

ஜூன் 12, செவ்வாய்

கணவாய்க் காற்று ஆரம்பித்துவிட்டது. மொட்டை மாடியில் காய்ந்த வேட்டி பக்கத்துத் தெரு வேப்பமரத்தில் கிடந்தது.

காலையில் நாச்சிமுத்துவின் எருமைக்கு நஞ்சுக்கொடி விழவில்லை என்று கூப்பிட்டார்கள். போய் எடுத்துவிட்டேன். கால்நடை மருத்துவராக இருந்து ஓய்வு பெற்று ஆறு வருடம் ஆகிறது. இன்னும் சுற்றுவட்டாரத்தில் ஆட்டுக்கும் மாட்டுக்கும் என்னைத்தான் கூப்பிடுகிறார்கள்.

பதினொரு மணிக்கு ஓலக்காட்டுப்புதூர் மாராத்தாள் வந்தாள். புருஷன் போய்ப் பல வருடம் ஆன பெண். நூறு நாள் வேலைக்குப் போகிறாள், எட்டு வெள்ளாடு வைத்திருக்கிறாள். அவற்றில் ஒன்றுக்கு வாயெல்லாம் புண். மருந்து கொடுத்தேன். என் மனைவி வசந்தா அவளுக்குக் காபி கொடுத்தாள். காபி குடித்து முடித்த பிறகும் எழுந்து போகாமல் உட்கார்ந்திருந்தாள். வசந்தா உள்ளே போனதும் முந்தானை முடிச்சை அவிழ்த்தாள்.

ஏழு காசுகள். செம்மண் அப்பிக் கிடந்தன. பார்த்ததும் ரோமானிய வெள்ளி என்று தெரிந்துவிட்டது.

"ஆறுச்சாமி தோட்டத்துல பண்ணைக்குட்டை வெட்டறமுங்க. நேத்து கடப்பாரை பட்டு மண்ணுக்குள்ள ஒரு பான ஒடஞ்சு போச்சு. உள்ள பூரா தலை போட்ட பழங்காசு. ஆளாளுக்கு அள்ளுனாங்க. நானும் ஒரு கை அள்ளிப்போட்டேன்."

"சரி."

"எனக்கு சோறே எறங்கலீங்க. அடுத்தவங்க மண்ணுல கெடந்தது. கவர்மெண்டுக்குத்தானுங்களே போகோணும்? நீங்கதான் இந்தக் காசெல்லாம் படிச்சவங்க. ஆபீசருங்க பழக்கமும் உங்களுக்கு இருக்குது. நீங்களே குடுத்துப்போடுங்க. என்ற பேரு மட்டும் வேண்டாமுங்க."

"குடுத்துடறேன். நீ ஆட்டைப் பாரு."

கும்பிட்டுவிட்டுப் போனாள். நாளை தாலுகா அலுவலகம் போக வேண்டும்.

ஜூன் 13, புதன்

தூறல். போகவில்லை.

ஜூன் 14, வியாழன்

ஆறு காசுகள் ரோம மன்னன் திபேரியஸ் அடித்தவை. நம் பக்கத்தில் கிடைக்கும் ரோமானிய வெள்ளியில் பாதிக்கு மேல் திபேரியஸ்தான். ஒரு பக்கம் மாலை சூடிய அரசன் தலை, மறுபக்கம் கையில் கிளை பிடித்து உட்கார்ந்திருக்கும் பெண். அதில் ஒன்றின் கன்னத்தில் உளி வெட்டு இருக்கிறது. வெள்ளி சுத்தம்தானா என்று அந்தக் காலத்தில் யாரோ வெட்டிப் பார்த்திருக்கிறார்கள். இந்த வகை என்னிடம் ஏற்கெனவே நிறைய இருக்கிறது.

ஏழாவதைக் காய்ச்சி வடித்த நீரில் மூன்று முறை ஊறவைத்து, மூங்கில் குச்சியால் மண்ணைத் தட்டி எடுத்தேன். அதில் இருப்பது ஆண் தலை அல்ல. கோதுமைக் கதிர்களைத் தலையில் சூடிய ஒரு பெண். அந்தோனியா. கிளாடியஸ் மன்னனின் தாய். மகன் அரசனானபோது அவள் உயிரோடு இல்லை. அவள் நினைவுக்காக அவன் அடித்த காசு. பின்பக்கம் நாடாவால் சேர்த்துக் கட்டிய இரண்டு நீண்ட தீப்பந்தங்கள்.

முப்பத்தொரு வருடமாக இந்தக் காசுகளைச் சேர்க்கிறேன். உருக்குவதற்காக வெள்ளிப் பட்டறைக்கு வந்ததையும், வாய்க்கால் மண்ணில் கிடைத்ததையும், கொலுசுக்கு மாற்றாகப் போடப்பட்டதையும் தேடிப் போய் வாங்கியிருக்கிறேன். இருநூற்றுப் பதினான்கு. ஒவ்வொன்றையும் எங்கே, யாரிடம், எந்தத் தேதியில் வாங்கினேன் என்று பதிவேட்டில் எழுதி வைத்திருக்கிறேன். அந்தோனியாவைப் படத்தில் மட்டும்தான் பார்த்திருந்தேன்.

மண் முழுதும் போன பிறகு ஒரு மணி நேரம் வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தேன். அரசாங்கத்திடம் சுத்தமாகக் கொடுப்பதுதானே முறை.

ஜூன் 16, சனி

தாசில்தார் விடுப்பு என்று கேள்வி. திங்கட்கிழமை பார்க்கலாம்.

ஜூன் 20, புதன்

பேப்பரில் வந்துவிட்டது. பண்ணைக்குட்டை தோண்டும்போது பழங்காசுப் புதையல், வருவாய்த் துறையினர் நேரில் ஆய்வு. ஆறுச்சாமி கிராம நிர்வாக அலுவலரிடம் மனு கொடுத்திருக்கிறார். வேலை செய்த பெண்கள் ஒவ்வொருவராக வந்து, எடுத்ததைத் திருப்பிக் கொடுத்தார்களாம். மொத்தம் நாற்பத்து மூன்று காசுகள்.

வசந்தா பேப்பரை மடித்து என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். தோசையைப் பற்றிப் பேசினாள்.

மாத்திரை தீர்ந்துவிட்டது. வாங்க வேண்டும்.

ஜூன் 22, வெள்ளி

சந்தையில் மாராத்தாள் எதிரே வந்தாள். சுற்றிலும் பார்த்துவிட்டுத் தாழ்ந்த குரலில் கேட்டாள்.

"குடுத்துட்டீங்களாங்கய்யா? எல்லாத்தையும் கூப்புட்டுக் கேக்கறாங்க."

"குடுத்தாச்சு."

"இனிப் பயமில்லீங்களே?"

"ஒண்ணுமில்ல."

அவள் முகம் தெளிந்துவிட்டது. கூடையிலிருந்து ஒரு பை முருங்கைக்காயை என் கையில் திணித்தாள். வேண்டாம் என்றாலும் விடவில்லை.

எப்படியும் இந்த வாரம் கொடுக்கத்தான் போகிறேன். அவள் வீணாக ஏன் பயந்துகொண்டிருக்க வேண்டும்?

ஜூன் 26, செவ்வாய்

சப் இன்ஸ்பெக்டர் தொலைபேசியில் பேசினார். மிக மரியாதையான மனிதர். அவருடைய மாமனார் வீட்டுப் பசுவுக்கு ஒருமுறை வைத்தியம் பார்த்திருக்கிறேனாம்.

"தொந்தரவுக்கு மன்னிக்கணும் டாக்டர். மாராத்தாள்னு ஒரு பொம்பள. காசை உங்ககிட்டக் குடுத்துட்டதாவும், நீங்க அதை ஆபீசுல சேத்துட்டதாவும் சொல்றா. ஆபீசுல அப்படி எதுவும் வரல. உங்க வீட்டுக்கு வந்தாளா?"

"ஆட்டுக்கு வாய்ப்புண்ணுன்னு மருந்துக்கு வந்தாங்க."

"அவ்வளவுதானுங்களா?"

"மருந்து குடுத்து அனுப்பினேன்."

"அதானே பார்த்தேன். உங்க பேரைச் சொன்னா நாங்க விட்டுடுவோம்னு நெனச்சிருக்கா. வெச்சுடறேன் டாக்டர்."

அவள் மருந்துக்கு வந்தது உண்மை. மருந்து கொடுத்து அனுப்பியதும் உண்மை. நான் சொன்னதில் பொய் எதுவும் இல்லை.

ஜூன் 27, புதன்

காற்று. தலைவலி.

ஜூன் 29, வெள்ளி

நாச்சிமுத்து பால் கொண்டுவந்தபோது சொன்னான். மாராத்தாளை ஸ்டேஷனில் காலையிலிருந்து பொழுது சாயும் வரை உட்கார வைத்திருக்கிறார்கள். மறுநாளும் வரச் சொன்னார்களாம். இரண்டாம் நாள் ஒரு பெண் காவலர் கன்னத்தில் அறைந்ததில் இடது காது கேட்கவில்லையாம்.

"திருட்டு முண்டைக்கு நல்லா வேணும். டாக்டர் மேலயே பழியப் போடறா பாருங்க" என்றான்.

வசந்தா வாசற்படியில் நின்றிருந்தாள். பாலை வாங்கிக்கொண்டு உள்ளே போனவள் அடுப்பில் வைக்க மறந்துவிட்டாள்.

ஜூலை 2, திங்கள்

மத்தியானம் சாப்பாடு பரிமாறிவிட்டு வசந்தா எதிரில் உட்கார்ந்தாள். வழக்கமாக உட்கார மாட்டாள்.

"ஏனுங்க, அந்தம்மாவுக்கு அன்னைக்கு நான்தான் காபி குடுத்தேன்."

"ஆமா."

"ஆட்டு மருந்துக்கு வந்தவ எதுக்கு அவ்வளவு நேரம் உக்காந்திருந்தா? அன்னைக்கு மேசையில செம்மண்ணு கெடந்துச்சு. நான்தான் தொடச்சேன்."

நான் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன்.

"நீங்க காசு சேக்கறதை முப்பது வருசமா நான் ஒரு வார்த்த சொன்னதில்ல. நம்ம பையன் காலேஜு சேர்ற அன்னைக்குக் கூட நீங்க ஏதோ காசு வந்திருக்குன்னு கரூருக்குப் போயிட்டீங்க. நான்தான் கூட்டிட்டுப் போனேன். அதுக்கும் சொல்லல. இப்பச் சொல்றேன். ஒரு ஏழைப் பொம்பளைக்குக் காது போச்சுங்க."

சோற்றை மூடி வைத்துவிட்டு எழுந்தேன்.

ஜூலை 3, செவ்வாய்

கொடுத்துவிட்டேன். தாசில்தார் சின்ன வயதுப் பெண். நாற்காலி போட்டு உட்காரச் சொன்னார். மாராத்தாள் என்னிடம் கொடுத்தது உண்மைதான், வயதாகிவிட்டதால் மறந்து மருந்துப் பெட்டியிலேயே வைத்துவிட்டேன், போலீஸ் கேட்டபோதும் நினைவு வரவில்லை என்று சொன்னேன். ஆறு காசுகளையும் மேசைமேல் வைத்தேன்.

"பரவால்ல சார், எல்லாருக்கும் மறதி வர்றதுதான். நீங்களே கொண்டு வந்து குடுத்தீங்களே" என்றார். ரசீது கொடுத்தார்.

வசந்தாவிடம் ரசீதைக் காட்டினேன். படித்துவிட்டு, "நல்லதுங்க" என்றாள். இரண்டு வாரத்துக்குப் பிறகு இன்றுதான் நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

அந்தோனியாவைப் பற்றி அவளிடம் சொல்லவில்லை. ஒரே ஒரு காசு. அருங்காட்சியகத்தில் வைத்தால் ஏதோ ஒரு அலமாரியின் அடித்தட்டில் கிடக்கும். அந்தோனியா யார் என்று கேட்டால்கூட அங்கே யாருக்கும் தெரியாது. இங்கே அவளைத் தெரிந்த ஒருவன் இருக்கிறேன்.

ஜூலை 6, வெள்ளி

மாராத்தாள் மேல் இருந்த சந்தேகம் போகவில்லை.

அவளோடு வேலை செய்யும் பழனாத்தாள் முதல் நாளே எழுதிக் கொடுத்திருக்கிறாள். மாராத்தாள் கையில் ஏழு காசு இருந்தது, எண்ணிக் காட்டினாள், அதில் ஒன்றைத் துடைத்தபோது பொம்பளைத் தலை மாதிரி தெரிந்தது என்று. நான் கொடுத்தது ஆறு. ஆகவே ஆறை டாக்டரிடம் கொடுத்துவிட்டு, விலை போகிற ஒன்றை மாராத்தாள் மறைத்துக்கொண்டாள் என்று முடிவு செய்துவிட்டார்கள். நாச்சிமுத்துதான் சொன்னான். ஊரே இதைத்தான் பேசுகிறதாம்.

வசந்தா கேட்டுக்கொண்டிருந்தாள். அவன் போனதும் என்னைப் பார்த்தாள். நான் பேப்பரை எடுத்துக்கொண்டேன்.

ஜூலை 8, ஞாயிறு

வசந்தா தங்கை வீட்டுக்குப் போயிருக்கிறாள். எப்போது வருவாள் என்று சொல்லவில்லை. காலையில் நானே டீ போட்டேன். சர்க்கரை எங்கே என்று தெரியவில்லை.

ஜூலை 11, புதன்

ஓலக்காட்டுப்புதூரில் ஒரு கன்றுக்குக் கழிச்சல். போயிருந்தேன். வழியில்தான் ஆறுச்சாமியின் குட்டை. வேலை நடந்துகொண்டிருந்தது. சாப்பாட்டு நேரம். பெண்கள் எல்லாம் வேலமரத்தடியில் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். மாராத்தாள் மட்டும் எதிர்க்கரையில் வெயிலில் உட்கார்ந்து தூக்குப்போசியிலிருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். யாரோ மரத்தடியிலிருந்து, "காசுக்காரி, ஊறுகா இருக்குதா?" என்று கத்தினாள். எல்லோரும் சிரித்தார்கள். மாராத்தாள் திரும்பவில்லை. கேட்காத காது எந்தப் பக்கம் என்று பார்த்தேன். அவர்கள் பக்கம் இருந்தது கேட்கும் வலது காது.

கன்றுக்காரர் பேச்சுவாக்கில் சொன்னார். மாராத்தாளின் ஒரே மகள் கலாமணியைப் பல்லடத்தில் கட்டிக் கொடுத்திருக்கிறது. போன ஞாயிறு அவளுக்கு வளைகாப்பு. சம்பந்தி வீட்டில், திருட்டுப் பட்டம் சுமந்தவள் வாசப்படி மிதிக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார்களாம். அவள் வளையல் எல்லாம் வாங்கி வைத்திருந்தாளாம்.

"மகளே போன் பண்ணி, 'நீ வராத'ன்னு சொல்லிட்டாளாமுங்க."

கன்றுக்கு ஊசி மருந்தை இரண்டு முறை அளவு தவறி எடுத்தேன். வயதாகிவிட்டது.

ஜூலை 15, ஞாயிறு

நாள் முழுவதும் காசுப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எதையும் எடுத்துப் பார்க்கவில்லை.

மனம்விட்டு எழுதிவிடுகிறேன். நான் மறக்கவில்லை. ஒரு நாளும் மறக்கவில்லை. அந்த ஏழாவது காசின் மண் விலகிய நிமிடத்திலிருந்து, அதைக் கொடுக்கப் போவதில்லை என்று எனக்குத் தெரியும்.

ஜூலை 18, புதன்

காலை பத்து மணிக்கு அந்தோனியாவைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு குட்டைக்குப் போனேன். வேலையை மேற்பார்க்கும் செல்வராணி, ஆறுச்சாமி, பழனாத்தாள், இருபது பெண்கள். மாராத்தாள் மண் சட்டியோடு மேட்டில் நின்றாள். எல்லோரையும் கூப்பிட்டேன். பேசிப் பழக்கமில்லாததால் பள்ளிக்கூடப் பையனைப்போல் ஒப்பித்தேன்.

"மாராத்தா எங்கிட்ட ஏழு காசும் குடுத்தாங்க. ஆறைத்தான் நான் ஆபீசுல குடுத்தேன். ஏழாவதை நான் எடுத்து வெச்சுக்கிட்டேன். இதுதான் அது. அவங்க எதையும் எடுக்கல. திருடினது நான்."

காசைக் கையில் வைத்து நீட்டினேன். ஆறுச்சாமி என் தோளைப் பிடித்தார்.

"டாக்டரு, வெயில்ல நிக்காதீங்க. இங்க வந்து உக்காருங்க."

"நான் சொன்னது கேட்டுதுங்களா?"

"கேட்டுதுங்க. உங்களுக்கு எளகுன மனசு. அவ பாவம்னு உங்க காசுல ஒண்ணக் கொண்டாந்துட்டீங்க. உங்க ஊட்டுலதான் எறநூறு கெடக்குதே, ஊருக்கே தெரியுமல்ல."

"இது அதுல இல்லீங்க. இது இந்த மண்ணுல வந்தது."

"பொம்பளைத் தலைதான். ஆனா இதுல மண்ணே இல்லீங்களே" என்றாள் பழனாத்தாள். "ஆபீசுக்குக் குடுத்ததெல்லாம் செகப்பா, அழுக்கா இருந்துச்சு. இது பளபளன்னு இருக்குது."

செல்வராணி எனக்கு டீ வாங்கி வரச் சொன்னாள். "கேட்டுக்க மாராத்தா. உன்னைக் காப்பாத்த எப்பேர்ப்பட்ட மனுசன் வந்து நிக்கறாருன்னு பாரு. இனியாவது உண்மையச் சொல்லு" என்றாள்.

மாராத்தாள் என்னைப் பார்த்தாள். காசையும் பார்த்தாள். அவளுக்கு அது எது என்று தெரியும். அங்கே அவளுக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். சட்டியைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு மேட்டிலிருந்து இறங்கிப் போனாள்.

ஜூலை 19, வியாழன்

தாசில்தாரிடம் காசையும் கைப்பட எழுதிய வாக்குமூலத்தையும் கொடுத்தேன். என் பதிவேட்டையும் காட்டினேன். இந்தக் காசு அதில் இல்லை.

"எழுதாம விட்டிருப்பீங்க சார்" என்றார். "சுத்தம் பண்ணிட்டா எந்த மண்ணுல இருந்து வந்ததுன்னு யாராலயும் சொல்ல முடியாது. நன்கொடைன்னு எழுதிக் குடுங்களேன். உங்க பேரைப் போட்டு மியூசியத்துல வெக்கச் சொல்றேன்."

நன்கொடை இல்லை என்றேன். திருட்டு என்று எழுதிக்கொள்ளுங்கள் என்றேன். அறையில் இருந்த மற்றவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள், பெரியவர் ஒருவர் தடுமாறும்போது குனிவதைப்போல. கடைசியில் மனுவை வாங்கி முத்திரை குத்தினார்கள். விசாரித்துச் சொல்கிறோம் என்றார்கள்.

வெளியே வந்து வசந்தாவுக்குப் போன் செய்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டு முடித்ததும், "சர்க்கரை மேல் தட்டுல எவர்சில்வர் டப்பாவுல இருக்குதுங்க" என்றாள்.

ஜூலை 26, வியாழன்

மாராத்தாள் வீட்டுக்குப் போனேன். அவளை எனக்கு இருபது வருடமாகத் தெரியும், அவள் வீட்டுக்குள் போனதில்லை. இன்றும் உள்ளே கூப்பிடவில்லை. வெளியில் கிடந்த கல்லில் உட்கார்ந்தேன். அவள் நின்றாள். வலது காதை என் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"மன்னிச்சிருங்கன்னு கேக்க வந்தேன்." முதல் முறையாக அவளிடம் மரியாதை வைத்துப் பேசினேன்.

"வேண்டாமுங்க."

"யார்கிட்ட வேணும்னாலும் வந்து சொல்றேன்."

"நீங்க சொன்னா யாரும் நம்ப மாட்டேங்கறாங்க. நான் சொன்னாலும் நம்பலீங்க." அதில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் தேவலை. "உங்ககிட்டக் கொண்டாந்து குடுக்கறதுக்கு எட்டு மைல் நடந்து வந்தனுங்க அன்னைக்கு. பஸ்ஸுல வந்தா எவனாச்சும் பறிச்சுக்குவானோன்னு."

என்னால் நிமிர முடியவில்லை.

"ஒண்ணே ஒண்ணு செய்யுங்க. ஊரு கெடக்குது. என்ற புள்ளைகிட்ட மட்டும் போய்ச் சொல்லுங்க. அது நம்புனாப் போதும்."

முகவரியைச் சொன்னாள். எழுதிக்கொண்டேன்.

ஜூலை 29, ஞாயிறு

பல்லடம் போனேன். விசைத்தறிச் சத்தம் கேட்கும் தெரு. கலாமணி கதவைத் திறந்தாள். நிறைமாத வயிறு. மாமியார் கோவிலுக்குப் போயிருந்தாள். யாரென்று சொன்னதும் முகம் மலர்ந்துவிட்டது.

"டாக்டரய்யாங்களா? வாங்க, உள்ள வாங்க. அம்மாவுக்காக உங்க காசையே கொண்டு போய்க் குடுத்தீங்கன்னு சொன்னாங்க. நாங்க எப்படிங்க உங்களுக்கு…"

"அம்மிணி, உக்காரு. நான் சொல்றதைப் பூராக் கேளு."

அங்கும் அந்தக் கதைதான் போயிருக்கிறது. இந்த முறை நான் ஒப்பிக்கவில்லை. முதல் நாளிலிருந்து சொன்னேன். முடிச்சை அவிழ்த்தது, தன் பேர் வேண்டாம் என்று அவள் சொன்னது, அவள் போன இரண்டாம் நாள் கதவைச் சாத்திவிட்டு மண்ணைத் தட்டி எடுத்தது. சந்தையில் "குடுத்தாச்சு" என்று சொல்லிவிட்டு முருங்கைக்காயையும் வாங்கிக்கொண்டு வந்தது. அந்த முருங்கைக்காயில் வைத்த சாம்பாரைச் சாப்பிட்டது. போலீஸ் கேட்டபோது ஆட்டு மருந்து என்று சொன்னது, அதற்கு அடுத்த நாள் அவள் கன்னத்தில் அறை விழுந்தது. மறந்துவிட்டேன் என்று பொய் சொல்லி ஆறை மட்டும் கொடுத்தது. ஊர் அவளைக் காசுக்காரி என்று கூப்பிடுவதைக் கேட்ட பிறகும் ஒரு வாரம் அந்தக் காசை என் பெட்டியிலேயே வைத்திருந்தது.

முருங்கைக்காய் வரை அவள் முகத்தில் அந்த நன்றி இருந்தது. அதற்குப் பிறகு இல்லை.

"எங்கம்மா போன்ல அழுதுச்சுங்க" என்றாள். "நான் எடுக்கல சாமின்னு அழுதுச்சு. நான் போனை வெச்சுட்டேன்."

"தெரியும்."

"வளையலைக் கொண்டாந்து பஸ் ஸ்டாண்டுல நின்னுச்சு. நான் போகல."

இது எனக்குத் தெரியாது.

அவள் எழுந்து, எனக்காகக் கொண்டுவந்து வைத்திருந்த தண்ணீர்ச் சொம்பை எடுத்துக்கொண்டாள். நான் இன்னும் குடித்திருக்கவில்லை. அதை வாசலுக்குக் கொண்டுபோய்த் தெருவில் ஊற்றினாள். திரும்பி என்னைப் பார்த்தாள். இந்த ஒன்றரை மாதத்தில் ஒருவர்கூட என்னை அப்படிப் பார்க்கவில்லை, வசந்தாகூட.

அவள் நம்பிவிட்டாள்.

"எந்திரிங்க" என்றாள். "நான் எங்கம்மாகிட்டப் போகோணும்."

செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கினேன். பின்னால் அவள் கதவைப் பூட்டும் சத்தம் கேட்டது. ஒரு கையால் இடுப்பைத் தாங்கியபடி, என்னைக் கடந்து பஸ் நிறுத்தத்துக்கு வேகமாக நடந்து போனாள். அதே பஸ்ஸில் ஏற எனக்குத் துணிவில்லை. அடுத்த பஸ்ஸுக்காக நின்றேன்.